கித்தாக் காட்டில் ஒரு கித்தார்

"அப்பா, நான் கித்தார் கற்றுக்கொள்ளட்டுமா?"

வீட்டில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் பெற்றோர் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். "படிப்பை முதலில் பார்" என்று தாய் சொல்வாள். தகப்பன் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த மௌனத்துக்கு 'கூடாது' என்று பொருள்.

1980இல், கிள்ளானுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், இதே கேள்வியை நானும் கேட்டேன். அப்போது எனக்கு வயது பதினைந்து. என் அப்பா மௌனமாக இருக்கவில்லை.

"கித்தா மரம் சீவத் தெரியாதவனுக்குக் கித்தார் எதுக்குடா?" என்றார்.

லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஆசை போகவில்லை. அந்த ஆசையை என் மனத்தில் மூட்டியவர்கள் யார் தெரியுமா? ஆறுமுகம் என்ற நம் இனத்துப் பெயரைத் தாங்கிய இரண்டு சகோதரர்கள்!

டெலிவிஷனில் ஓர் ஆறுமுகம்

அந்த நாளில் எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் கிடையாது. மன்றத்தில் ஒன்று இருந்தது. ஓர் இரவு அதில் மலாய்ப் பாட்டு நிகழ்ச்சி. கூடை கவிழ்த்தாற்போல் சுருட்டை முடி வைத்த இருவர் பாட வந்தார்கள். நிறம் நம் நிறம், முகம் நம் முகம். பாடியது மட்டும் மலாய். அதுவும் எவ்வளவு தேனாக!

"யாருடா இந்தப் பசங்க?" என்று கேட்டார் அப்பா.

"அல்லிகேட்ஸ் குழுங்கப்பா. அண்ணன் டேவிட் ஆறுமுகம், தம்பி லோகநாதன் ஆறுமுகம். பினாங்குக்காரங்க."

சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறுமுகம் மகன்களா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. பாட்டு முடியும்வரை பீடியைப் பற்றவைக்கவும் இல்லை.

அல்லிகேட்ஸ் அறுபதுகளின் கடைசியில் பினாங்கில் முளைத்த குழு. எழுபதுகளில் ஹாங்காங் சென்று வாசித்துத் தேர்ந்தார்கள். தாயகம் திரும்பி 1979இல் 'தெரிமா காசே' என்ற மலாய் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதன் பிறகு அவர்கள் பாட்டு ஒலிக்காத ஒட்டுக்கடை இல்லை, கல்யாண வீடு இல்லை. சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்ற இளம் இசையமைப்பாளர்கள் அவர்களுக்குப் புதுப் பாட்டுகளை அமைத்துக் கொடுத்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பிரித்துப் பார்க்காமல் நாடே முணுமுணுத்தது.

கித்தார்க் குழு என்பது அதற்கு முன்பே இந்த நாட்டில் வேர்பிடித்த ஒன்றுதான். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போனபின், மூன்று கித்தார், ஒரு டிரம் என்று கம்பந்தோறும் இளைஞர் குழுக்கள் கிளம்பின. மலாயில் 'கும்புலான் கித்தார் ராஞ்சாக்' என்ற பெயரைச் சுருக்கி அவற்றைக் 'கூகிரான்' என்றார்கள். ஆனால் எங்களைப் போன்ற தோட்டத்துப் பையன்களுக்கு அது வேறு யாருடைய வீட்டு விருந்தோ என்றுதான் இருந்தது. நம் பெயர் கொண்ட இருவர் பாடியபோதுதான், 'நமக்கும் இலை போட்டிருக்கிறது' என்ற எண்ணம் வந்தது.

அப்பாவின் பயம்

அப்பாவைக் குற்றம் சொல்வது எளிது. அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது.

எங்கள் உறவில் ஓர் அண்ணன். நல்ல குரல். கல்யாண வீடுகளில் பாடப் போனவர் அங்கேயே குடிக்கப் பழகினார்; படிப்பு நின்றது, வேலை நிலைக்கவில்லை. 'பாட்டு, கித்தார் என்றால் அந்த வழிதான்' என்று அப்பா மனத்தில் பதிந்துவிட்டது. விடியற்காலை பெரட்டுக்கு ஓடி, மழையில் மரம் பார்த்து, வாளி சுமந்து, 'என் மகனாவது மேசையில் உட்கார்ந்து எழுதட்டும்' என்று நினைத்த மனிதர் வேறு எப்படி நினைப்பார்?

அம்மாதான் வழி செய்தாள். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் எழுபது வெள்ளியை என் கையில் வைத்து, "எஸ்.ஆர்.பி. சோதனையில நல்லா செஞ்சிடணும், சத்தியம் பண்ணு" என்றாள். சத்தியம் செய்தேன். கிள்ளான் பட்டணத்தில் ஒரு சீனர் கடையில் 'கபோக்' கித்தார் வாங்கினேன். சீனாவிலிருந்து வந்த மலிவான கித்தார் அது. அந்தத் தலைமுறையில் மலேசியாவில் கித்தார் பழகியவர்களில் பலருக்கும் முதல் கித்தார் கபோக்தான்.

குருவும் ஹார்மோனியமும்

பள்ளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸில் மாமா வீட்டுக்குப் போனேன். மாமா ரயில்வேயில் வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே, அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' பகுதியில் குடியிருந்தார். அடுத்த வீட்டு அண்ணன் ஒருவர் விருந்துகளில் கித்தார் வாசிப்பவர். அவர்தான் என் குரு.

"பஜனை பாடுவியா?" என்று முதலில் கேட்டார்.

"கோயில்ல வெள்ளிக்கிழமை பாடுவேன் அண்ணே."

"ஹார்மோனியம் எத்தனை கட்டையில வைப்பாங்க?"

"அஞ்சு கட்டை."

"அப்ப உனக்குப் பாதி கித்தார் தெரியும் போ!"

வாசகர்களே, அவர் சொன்னது விளையாட்டல்ல. நாம் ஐந்து கட்டை என்று சொல்லும் சுருதியைத்தான் மேல்நாட்டார் 'ஜி' என்கிறார்கள். ஒரு கட்டை 'சி', இரண்டு கட்டை 'டி', ஆறு கட்டை 'ஏ'. பெயர்தான் வேறு.

'கோர்டு' என்பது என்ன? மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பது. ஐந்து கட்டையை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ, க, ப மூன்றும் சேர்ந்தால் 'ஜி' கோர்டு. ம, த, ஸ சேர்ந்தால் 'சி' கோர்டு. ப, நி, ரி சேர்ந்தால் 'டி' கோர்டு. எண்ணிப் பாருங்கள்: ஸ ரி க ம ப த நி ஏழும் இந்த மூன்று கோர்டுகளுக்குள் வந்துவிட்டன! சங்கராபரணத்தின் ஏழு சுரமும் மூன்று பிடியில் அடங்கிவிடுகிறது. அதனால்தான் மூன்று கோர்டு தெரிந்தவன் எத்தனையோ பாட்டுக்குத் துணை வாசிக்க முடிகிறது. த, ஸ, க சேர்ந்த 'ஈ மைனர்' நான்காவது, சோகத்தைக் கொண்டுவருவது. நம் காலத்து மெதுநடைப் பாட்டுகள் பலவற்றின் எலும்புக்கூடு இந்த நான்கும்தான்.

ஆறு கம்பி, நான்கு பிடி

வீட்டில் பழக விரும்புவோருக்காக அவர் சொல்லித் தந்ததை இங்கே தருகிறேன்.

கித்தாருக்கு ஆறு கம்பி. ஆகத் தடித்தது ஆறாவது, ஆக மெல்லியது முதலாவது. தடித்ததிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் வீணையின் மெட்டுகளைப் போன்றவை. ஒரு மெட்டு நகர்ந்தால் அரைச் சுரம் ஏறும். பன்னிரண்டாம் மெட்டில் கம்பியின் நீளம் சரிபாதியாகிறது. அங்கே அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும்.

சுருதி சேர்க்கும் வழி: ஆறாம் கம்பியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் வரும் ஒலிதான் ஐந்தாம் கம்பியின் திறந்த ஒலி. ஐந்தாம் கம்பியின் ஐந்தாம் மெட்டு நான்காம் கம்பிக்கு. நான்காவதன் ஐந்தாம் மெட்டு மூன்றாவதற்கு. மூன்றாம் கம்பியில் மட்டும் நான்காம் மெட்டை அழுத்தி இரண்டாம் கம்பியைச் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டாவதன் ஐந்தாம் மெட்டு முதலாவதற்கு. இன்று கைப்பேசியிலேயே சுருதி பார்க்கும் வசதி வந்துவிட்டது. ஆனாலும் காதால் சேர்க்கப் பழகுங்கள். காது பழகினால்தான் பாட்டைக் கேட்டே வாசிக்க முடியும்.

இனி பிடிகள். ஈ மைனருக்கு இரண்டு விரல் போதும்: ஐந்தாம், நான்காம் கம்பிகளில் இரண்டாம் மெட்டு. 'ஜி'க்கு ஆறாம் கம்பியில் மூன்றாம் மெட்டு, ஐந்தாவதில் இரண்டாம் மெட்டு, முதல் கம்பியில் மூன்றாம் மெட்டு. 'சி'க்கு ஐந்தாவதில் மூன்றாம் மெட்டு, நான்காவதில் இரண்டாம் மெட்டு, இரண்டாவதில் முதல் மெட்டு. ஆறாம் கம்பியைத் தொட வேண்டாம். 'டி'க்கு மூன்றாவதிலும் முதலாவதிலும் இரண்டாம் மெட்டு, இரண்டாவதில் மூன்றாம் மெட்டு. மேலே உள்ள தடித்த இரண்டு கம்பிகளையும் விட்டுவிடுங்கள்.

பிடிப்பது பெரிதல்ல, ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்குத் தாளம் தவறாமல் மாறுவதே பெரிது. குரு என்னை இரண்டு நாள் 'ஜி', ஈ மைனர் இரண்டை மட்டும் மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொன்னார். வலக்கையால் கம்பியைத் தொடவே கூடாது! "முதல்ல எடது கை ஊமையா நடக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்பார்.

பாட்டின் சுருதி உங்கள் குரலுக்கு எட்டவில்லையா? 'கேப்போ' என்ற கவ்வி இருக்கிறது. அதை இரண்டாம் மெட்டில் மாட்டி 'ஜி' பிடித்தால் ஆறு கட்டை. ஹார்மோனியக்காரர் கட்டை மாற்றுவதைப் போலத்தான்.

பென்சிலும் கேசட்டும்

தோட்டம் திரும்பினேன். கேசட்டில் அல்லிகேட்ஸ் பாட்டைப் போடுவேன், ஒரு வரி கேட்பேன், நிறுத்துவேன், பின்னுக்குச் சுற்றுவேன். பேட்டரி தீர்ந்துவிடும் என்று பென்சிலை நுழைத்துக் கையாலேயே சுற்றியதுண்டு. எந்தக் கோர்டு என்று தெரியாவிட்டால் அடித்தளமாக ஒலிக்கும் கனத்த ஒலியைக் காதால் தேடி, அதை ஆறாம் கம்பியிலோ ஐந்தாம் கம்பியிலோ கண்டுபிடிப்பேன். பெரும்பாலும் அந்த ஒலியின் பெயர்தான் கோர்டின் பெயர். ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் ஆனது.

அப்பா விடியலில் எழுந்து வேலைக்குப் போகிறவர். பிற்பகலில் அவருக்குத் தூக்கம் வேண்டும். அதனால் வீட்டில் வாசிக்கக் கூடாது. பால் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்காருவேன். கபோக் கித்தாரில் கம்பி மெட்டிலிருந்து எட்டி நிற்கும். அழுத்தினால் விரல் நுனி அறுபடுவது போல் எரியும். சாப்பாட்டில் கைவைத்தால் உறைப்பு ஏறும். ஒரு மாதத்தில் நுனிகள் காய்த்துப் போயின.

ஒருநாள் சோற்றுத் தட்டை வாங்கும்போது அப்பா என் இடக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நான்கு விரலிலும் காய்ப்பு. தம் கையை விரித்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். சீவுளி பிடித்துப் பிடித்து இருபத்தைந்து வருடம் காய்த்த கை. ஒன்றும் பேசாமல் விட்டுவிட்டார்.

சமாதானம் ஆகிவிட்டது என்று எண்ணினேன். தவறு! எஸ்.ஆர்.பி. முடிவு வந்தது. தேறியிருந்தேன், ஆனால் அம்மாவுக்குச் சத்தியம் செய்த அளவுக்கு இல்லை. அன்று மாலை அப்பா கித்தாரை எடுத்து, சாமி படத்துக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். உடைக்கவில்லை, விற்கவில்லை. "ஐஞ்சாம் பாரம் முடிச்சிட்டு எடு" என்றார்.

இரண்டு வருடம் அது ஆணியில் தொங்கியது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இன்று நினைத்தால், அவர் செய்ததில் பாதி நியாயம் இருக்கிறது. மூன்று மணி நேரம் கேசட்டைச் சுற்றிவிட்டுப் படிப்புக்கு அரை மணி நேரம் கொடுத்தவன் நான். மீதிப் பாதியில் அவர் தவறு: ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் என்று அளவு வைத்துக் கொடுத்திருந்தால் படிப்பும் கெட்டிராது, விரலும் மறந்திராது. சோதனை முடிந்து எடுத்தபோது காய்ப்பெல்லாம் கரைந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கடைசி இரவு

1986இல் எங்கள் தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு திசையாகப் பிரிய இருந்த நேரம். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு மாரியம்மன் கோயில் முன் எல்லாரும் கூடினோம். பூசை முடிந்து பஜனையும் முடிந்தது. யாருக்கும் எழுந்து போக மனம் வரவில்லை. மங்கலான விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அதை எடுத்துட்டு வாடா" என்றார். எதை என்று எனக்கு உடனே புரியவில்லை. "அந்த ஆறுமுகம் மகன்க பாட்டு ஒண்ணு பாடு. நாளைக்கு யார் எங்கேயோ!"

பாடினேன். 'நான் உனக்கு முன்னால் போய்விட்டால்' என்று பொருள்படும் தலைப்புள்ள அவர்களுடைய பாட்டு. மலாய்ப் பாட்டுத்தான். ஆனால் அங்கே புரியாதவர் ஒருவரும் இல்லை. என் விரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

அதன்பின் கிள்ளானில் மலிவு வீட்டுக்குக் குடிபோனோம். கித்தாரும் கூடவே வந்தது.

2007 ஜூன் 4ஆம் நாள் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். செய்தி கேட்ட அன்று அதே பாட்டைத்தான் வாசித்தேன். கேட்க அப்பா இல்லை. அண்ணன் டேவிட் ஆறுமுகம் தம்பியை இழந்த பின்னும் மேடை ஏறிப் பாடினார்.

அடுத்தவர் பாட்டிலிருந்து நம் பாட்டுக்கு

பிறர் பாட்டை வாசிப்பதோடு நின்றுவிட வேண்டுமா? இல்லை. அது நடை பழகும் வண்டி. பண்ணைப்புரத்து இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கித்தார்த் தேர்வில் சிறப்புடன் தேறியவர். 1980இல் வந்த 'மூடுபனி'யிலும் 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'யிலும் ஒலிக்கும் கித்தாரைக் கேளுங்கள். கற்ற வித்தை நம் மண்ணோடு கலந்தது தெரியும். நம் நாட்டிலும் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' தொகுப்பில் இளையராஜாவின் பழைய பாட்டையே அடிப்படையாக்கித் தம் சொல்லைப் பாடி, தமிழகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். முன்னவர் பாட்டை நன்றாகக் கற்றவனுக்கே சொந்தப் பாட்டு வாய்க்கிறது.

இன்று பிரிக்பீல்ட்ஸ் அடையாளம் மாறிவிட்டது. 2001இல் பக்கத்திலேயே கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் வந்தது. 2010இல் லிட்டில் இந்தியா என்று அலங்காரம் செய்தார்கள். என் குரு குடியிருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் பல வீடுகள் இடிபட்டுப் போயின. ஆனால் 1981இல் தொடங்கிய 'டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ்' போன்ற கலைக்கூடங்கள் அங்கே பிள்ளைகளுக்கு இசையும் நடனமும் சொல்லித் தருகின்றன. அதைப் பார்க்கும்போது மனம் ஆறுகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போன ஆண்டு என் பேத்தி வந்து நின்றாள். "தாத்தா, எனக்குக் கித்தார் வேணும்."

அவளுக்கு நான் வைத்த ஒப்பந்தத்தை உங்களுக்கும் சொல்கிறேன். முதல் கித்தாருக்கு நைலான் கம்பி போதும். பிஞ்சு விரலுக்கு நோகாது. விலை உயர்ந்தது வேண்டாம். கம்பி மெட்டுக்கு அருகே தாழ்ந்து நிற்கிறதா, கழுத்து வளையாமல் நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தினமும் கால் மணி நேரம், பாடம் முடித்த பின். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைவிட தினசரிக் கால் மணியே மேல். ஒரு மாதம் வலிக்கும். அந்த மாதத்தைத் தாண்டியவன் தேறிவிடுவான். தனியே மூலையில் உட்கார விடாமல், கோயில் பஜனையிலும் குடும்ப விழாவிலும் வாசிக்கச் சொல்லுங்கள். நாலு பெரியவர் முன்னால் வாசிக்கும் பிள்ளை கெட்ட கூட்டத்தைத் தேடிப் போகாது. சோதனைக் காலத்தில் நேரத்தைக் குறையுங்கள்; ஆணியில் மட்டும் மாட்டிவிடாதீர்கள்!

பேத்தி இப்போது மூன்று பிடி பிடிக்கிறாள். 'சி' மட்டும் இன்னும் நொண்டுகிறது. சென்ற வாரம் விரலை நீட்டி, "காய்ச்சுப் போச்சு தாத்தா, அசிங்கமா இருக்கு" என்றாள்.

என் கையை விரித்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உன் கொள்ளுத் தாத்தா கையைப் பார்த்திருக்கணும் நீ" என்றேன்.